இரண்டு முதல் எட்டு வரை

பாலிகிளினிக்கில் என் காலை
தடுப்பூசிப் பெட்டியின் கதவில் தொடங்குகிறது.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
எட்டரைக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை
எண்ணைப் பார்த்து எழுதி
பக்கத்தில் என் முதலெழுத்தைப் போடுகிறேன்.
பதினேழு வருடமாக
எனக்குத் தெரிந்த குளிர்காலம் இவ்வளவுதான்.

அக்டோபரில் செடிக்கடையில்
பாதி விலைக்கு ஒரு வலைப்பை.
பன்னிரண்டு துலிப் கிழங்குகள்.
அட்டையில் சிவப்பாய்ப் பெரிய படம்,
அடியில் பொடி எழுத்து:
பன்னிரண்டு வாரம் குளிரில் வைக்கவும்.
யீஷூனில் குளிருக்கு நான் எங்கே போவேன்?

காய்கறித் தட்டைக் காலி செய்தேன்.
காகிதப் பையில் துளையிட்டு உள்ளே கிடத்தினேன்.
பக்கத்தில் ஆப்பிள் இருந்தால்
கிழங்குக்குள்ளேயே பூ செத்துப்போகுமாம்.
ஆப்பிள்கள் நாடு கடத்தப்பட்டு
சாப்பாட்டு மேசையில் தோல் சுருங்கின.
வேலையிடத்துத் தாள் ஒன்றைக் கதவில் ஒட்டினேன்:
தேதி, நேரம், டிகிரி, முதலெழுத்து.
குணாளன் படித்துவிட்டுச் சொன்னார்,
"எனக்கு டெங்கி வந்தப்பகூட
நீ இப்படி எழுதி வைக்கல."

பின்னறையில் வாடகைக்கு இருந்த யாலின்
ஹார்பின்காரி.
எங்கள் ஊரில் பாலை
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவோம் என்றாள்.
நீங்கள் குளிரைப் பெட்டிக்குள் பூட்டி
அதற்குக் கரண்ட் பில்லும் கட்டுகிறீர்கள்.
எங்களுக்குப் பொதுவாக இருந்த ஆங்கிலம்
ஐம்பது அறுபது சொல் தேறும்.
அது தீர்ந்ததும்
உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து
பையைக் காட்டினாள்.
தூங்குகிறது.

தீபாவளிக்கு ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால், அதிரச மாவு
எல்லாம் இடம் கேட்டன.
பை நகர்ந்தது. மடங்கியது.
ஒரு மூலையில் வாய் பிரிந்திருக்கிறது,
நான் கவனிக்கவில்லை.

ஆறாம் வாரம், ஞாயிறு.
சட்னிக்கு வெங்காயம் அரிகிறேன் என்று போனவர்
கத்தியோடு அப்படியே நின்றார்.
"இங்க வாயேன்."
நெடுக்காகப் பிளந்து கிடந்தது.
உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று
நாம் சொல்லிப் பழகிய அதே மடிப்பு மடிப்பான வெள்ளை.
நடுவில்,
அரிசி மணி அளவுக்கு,
வெளிறிய பச்சையில்
ஒரு முழுப் பூ.
இதழ் எது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.
இரண்டு பாதியையும் டிஷ்யூவில் சுற்றினார்,
குப்பைக்குழாய் வரை போய்த் திரும்பி வந்தார்.
கடைசியில் எங்கே வைத்தார் தெரியாது.
மாலை நான் வீடு வருவதற்குள்
தாளில் அவர் கையெழுத்து:
4.5. கு.

ஜனவரியில் மண்ணுக்கு மாற்றினேன்.
நகர மன்றம் விடச் சொன்ன வழியில்
ஒரு விரல்கூட இடிக்காமல்
காரிடாரில் மூன்று தொட்டி.
மூக்கு மேலே, வேர் கீழே,
காலையில் ஒரு கை ஐஸ் கட்டி.
கொசுப் புழு தேடி வந்த பையன்
டார்ச் அடித்துத் தட்டுகளைப் பார்த்தான்.
"வெங்காயமா ஆன்ட்டி?"
ஆமாம் என்றேன்.
எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதே வாரம் யாலினின் பெர்மிட் முடிந்தது.
பெட்டி கட்டினாள், போனாள்.

பதினொன்றில் நாலு அழுகின.
ஐந்து இலையோடு நின்றுகொண்டன.
ஒன்று கடைசிவரை எதையும் முடிவு செய்யவில்லை.
ஒன்று பூத்தது,
காம்பு நீள மறந்து
இரண்டு விரல் உயரத்தில்
இலைக்குள் உட்கார்ந்தபடியே.
அட்டையில் இருந்த சிவப்பும் இல்லை,
தக்காளி ரசத்தின் நிறம்.
படம் எடுத்து அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது, மொழிபெயர்ப்புச் செயலியின் தமிழில்:
இங்கு கழித்தல் இருபத்தொன்று.
உங்கள் வீடு முந்திக்கொண்டது.

மறுநாள் மூன்று மணி வெயிலில்
இதழ்கள் கழன்று விழுந்தன.
தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
ஆப்பிளைத் திரும்ப உள்ளே வைத்தேன்.
தாளைக் கிழிக்கப் போனால்
இன்றைய தேதிக்கு எதிரே
மை இன்னும் காயவில்லை:
5.0. கு.